முள்கம்பிக்குள் மார்கழி: ஜாசின் ரோட்டுத் தோட்டத்தில் ஒரு மழைக்காலம்

மழைக்காலத்தில் யாரும் ஊர்சுற்றப் போவதில்லை. அவசரகாலத்தில் யாரும் தோட்டப் பக்கம் போவதில்லை. நான் இரண்டையும் ஒன்றாகச் செய்தேன், அதுவும் அறுபத்துமூன்று வயதில், துணைக்கு ஒரு குடை மட்டும் வைத்துக்கொண்டு. போன கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்கும் சமயம் அது. காட்டில் கம்யூனிஸ்டுகள், ஊரில் ஊரடங்கு என்று ஆனபின் நாம் பார்த்த நாலாவது மழைக்காலம். போய்வந்த நாளிலிருந்து இங்கே டவுனை ஒட்டிய தெங்கேராவிலும் பாச்சாங்கிலும் இருக்கிற பெண்கள், தோட்டத்தில் அக்கா இருக்கிறாள், மகள் இருக்கிறாள், எப்படிப் போவது, என்ன கொண்டுபோவது என்று என்னைக் கேட்டபடி இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்ல என் தொண்டை இடம் கொடுக்காது. எழுதிவிடுகிறேன்.

போன காரணம் செல்லம். காலமான என் கணவரின் தங்கை. ஜாசின் ரோட்டில் பதினான்காம் மைல் கட்டையில் உள்ள ரப்பர் தோட்டத்தில் அவள் வீட்டுக்காரர் சுப்பையா கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கர். அந்தத் தோட்டத்து லாரி ஓட்டும் மாணிக்கம் ஒருநாள் மழையில் நனைந்தபடி என் வாசலில் நின்றான்.

"பெரியம்மா, கிராணியார் சொல்லிட்டு வரச் சொன்னாரு. அம்மா படுக்கைய விட்டு எந்திரிக்க மாட்டேங்குறாங்க. இருமல் வேற. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மருந்து குடுத்தாரு, காய்ச்சல் ஒண்ணும் இல்லேங்குறாரு. ஆனா சாப்பாடு இறங்கலே. பேச்சும் இல்லே லா."

இருமலைக் கேட்டு நான் பயப்படவில்லை. பேச்சில்லை என்றதும்தான் பெட்டியைக் கட்ட எழுந்தேன். நாற்பது வருஷமாக எனக்குத் தெரிந்து செல்லம் வாயை மூடியது போட்டோ எடுக்கும்போது மட்டும்தான்.

மறுநாள் டவுனில் ஒரு ராவுத்தர் கடையில் சுக்கு, மிளகு, திப்பிலி, சித்தரத்தை எல்லாம் வாங்கினேன். வீட்டில் இடித்துச் சலித்து பிஸ்கட் டின்னில் அடைத்தேன். கருப்பட்டியும் கேட்டேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார்.

"தோட்டத்துக்கா போறீங்க? கருப்பட்டிய வழியிலேயே புடுங்கிக்குவாங்க அம்மா. சீனி, அரிசி, ரொட்டி, ஒண்ணும் விடமாட்டாங்க."

"நான் காட்டுக்குள் இருப்பவர்களுக்கா கொண்டுபோகிறேன்? என் நாத்தனாருக்கு, பாய்."

"அது எனக்குத் தெரியும். துப்பாக்கி வச்சிருக்கறவனுக்குத் தெரியணுமே."

இருந்தாலும் வாங்கினேன். யாராவது முடியாது என்று சொல்லிவிட்டால் எனக்கு அதைச் செய்து பார்க்காமல் தூக்கம் வராது.

பயண விவரம் இதோ. தெங்கேராவிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு மூன்று சக்கர டிரைஷாவில் நாற்பது காசு. மழை நாளில் ஐம்பது கேட்பார்கள், கொடுக்காதீர்கள். ஜாசின் பஸ் காலை எட்டரைக்கு. பதினான்காம் கட்டைக்கு அறுபத்தைந்து காசு. ஒருமணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தூரம், ஆனால் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் சோதனைக்காக எல்லாரும் இறங்க வேண்டும், மழை பெய்தாலும்தான். பெண்களைச் சோதிக்கப் பெண்ணே இருக்கிறாள், மரியாதையாகத்தான் நடந்துகொண்டாள். அடையாளக் கார்டு, ஐ.சி. என்பார்களே, அதைப் பெட்டியின் அடியில் வைக்காதீர்கள். எனக்கு முன்னால் நின்ற சீன அம்மா, தன் இரண்டு வாழைப்பழத்தைப் பிடுங்கிவிடுவார்களே என்று அங்கேயே அவசரமாகத் தின்று முடித்தாள். தோலை மட்டும் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் கருப்பட்டி அங்கேயே போயிற்று.

கட்டையில் இறங்கினால் தோட்டத்துக்குச் செம்மண் பாதை, ஒன்றரை மைல். மாணிக்கம் லாரியோடு காத்திருந்தான். தோட்டம் பழைய தோட்டமாக இல்லை. ஓடைக்கரையில் இருந்த தொழிலாளர் வீட்டு வரிசைகளை, லயங்களை எல்லாம் பிரித்து, ஆபீஸ் பக்கத்து மேட்டில் புதிதாக நெருக்கி நெருக்கிக் கட்டி, சுற்றிலும் முள்கம்பி இரண்டு வரிசை போட்டிருந்தார்கள். ஒரே ஒரு கேட். கேட்டில் மணல்மூட்டை, அதன் பின்னால் ஒரு கார்ப்பரல். அவர் மலாய்க்காரர், பக்கத்துக் கிராமத்தில் பிறந்து தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர். தமிழை நம்மைப் போலவே பேசுவார், சில நேரம் நம்மைவிட வேகமாக.

என் டின்னைத் திறந்தார். "என்னா இது மக்சிக்?" என்றார். மலாயில் பெரியம்மா என்று அர்த்தம்.

"மருந்து."

"மருந்துக்கும் பெர்மிட் வேணும். இது சாப்பாட்டுச் சாமானா, மருந்தான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"வாயில் போட்டுப் பாரும்."

விரல் நுனியில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். பிறகு தும்மினார். கண்ணில் நீர் வர, மணல்மூட்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி தும்மினார். துப்பாக்கியோடு நின்ற இன்னொருவர் பதறிப்போய் ஓடிவந்தார்.

"கொண்டு போங்க மக்சிக்," என்றார் கார்ப்பரல், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "இத காட்டுக்குள்ள அனுப்புனா அவனுங்க எல்லாம் தானா வெளிய வந்துருவானுங்க."

செல்லம் படுத்திருந்த அறையைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. போர்வை ஈரவாடை அடித்தது. கொடியில் காயாத துணி. சுவரோரம் பூஞ்சணம். தலைமாட்டில் ஆறிப்போன கஞ்சி. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள்.

"செல்லம், நான் வந்திருக்கிறேன்."

"வாங்க அண்ணி," என்றாள் சுவரிடம். அவ்வளவுதான்.

கான்வெண்டில் எங்களை வளர்த்த சிஸ்டர்கள் மழைக்காலம் என்றால் ஜன்னலை மூடச் சொன்னதில்லை, இன்னும் அகலமாகத் திறக்கச் சொன்னார்கள். நான் முதலில் அதைச் செய்தேன். போர்வைகளை அடுப்புக்கு மேலே பரண் கழியில் போட்டு உலர்த்தினேன். வேப்பிலை போட்டு வெந்நீர் காய்ச்சினேன். நல்லெண்ணெயைச் சூடு பறக்கத் தேய்த்து, தலைக்கு ஊற்றி, தலைமுடியைச் சாம்பிராணிப் புகையில் காயவைத்தேன். கருப்பட்டி இல்லாத கஷாயத்தைக் காலையும் மாலையும் முன்னால் நின்று குடிக்கவைத்தேன். மழைக்காலத்தில் உடம்பைக் காக்க இவ்வளவு போதும் என்பது என் அனுபவம்: காய்ந்த துணி, சூடான தண்ணீர், திறந்த ஜன்னல், காரமான ரசம். நாலாம் நாள் இருமல் பாதியாகக் குறைந்தது. ஆனால் செல்லம் இரண்டு கவளத்துக்கு மேல் சாப்பிடவில்லை. வளையல் முழங்கை வரை ஏறியது. எழுந்து உட்காரச் சொன்னால் உட்கார்ந்தாள், படுக்கச் சொன்னால் படுத்தாள். என் நாத்தனார் ஒருநாளும் நான் சொன்னதைக் கேட்டவள் இல்லை. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

சுப்பையா மாலையில் வராந்தாவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மழையையே பார்த்துக்கொண்டிருப்பார். "அக்கா, தேறிடுவாளா?" என்று ஒருநாள் கேட்டார். இரண்டே சொல்தான். தெங்கேராவுக்கு என்னோடு கூட்டிப்போகிறேன் என்றேன். செல்லம் உள்ளேயிருந்து முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள்.

"நான் எங்கேயும் வரலே."

அடுத்த வீட்டு அஞ்சலைதான் எனக்கு விஷயத்தைச் சொன்னாள். பால் மரம் வெட்டுகிறவள், அதாவது பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுப்பவள், வாய்த்துடுக்குக்காரி. அன்று காலை மழை. மழை பெய்தால் வெட்டுப் பட்டை ஈரமாகிவிடும், மரம் வெட்ட முடியாது, அன்றைக்குக் கூலியும் இல்லை. லயத்தில் ஆண்கள் எல்லாம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலை விறகு கேட்க வந்தவள், என் கஷாயத்தை முகர்ந்து பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தாள்.

"இத ஊத்தி ஊத்தி அம்மாவ கொல்லாதீங்க பெரியம்மா. அவங்களுக்கு நோவு நெஞ்சுல இல்லே, கோயில்ல இருக்கு."

மார்கழி பிறந்தால் இந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம். ஓடைக்கரை மாரியம்மன் கோயில் முன்னால் விடியுமுன்னே பெண்கள் பொங்கல் வைப்பார்கள். அம்மனுக்குப் படைத்ததும், காலையில் பேர் கொடுக்கும் பிரட்டுக்குப் போகிற எல்லாரும் அங்கேயே சுடச்சுடப் பசியாறிவிட்டுத்தான் வேலைக்காட்டுக்குப் போவார்கள். குளிரில் வெறும் வயிற்றோடு யாரும் மரத்தைத் தொடக்கூடாது என்று ஆரம்பித்துவைத்தவள் செல்லம். இருபது வருஷமாக அவள் அதட்டலில்தான் அந்த அடுப்பு எரிந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் லயங்கள் வேலிக்குள் வந்துவிட்டன. கோயில் வெளியே நின்றுவிட்டது. கேட்டைத் தாண்டி ஒரு பிடி சோறு போகக்கூடாது. வேலைக்குப் போகிறவர்களின் பையை, தூக்குவாளியை, மடியைக்கூடப் பார்க்கிறார்கள். சீனி போடாத வெறும் தேத்தண்ணி மட்டும் கொண்டுபோகலாம். கோயிலுக்குப் பூவும் கற்பூரமும் போகலாம், படையல் போகக்கூடாது.

நான் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். "ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"சொன்னா சிரிப்பீங்க."

"சிரிக்கிறேனா?"

செல்லம் சுவரை விட்டுத் திரும்பினாள். "அவ அங்கே இருட்டுல ஒரு பிடி சோறு இல்லாம உக்காந்திருக்கா, அண்ணி. நம்ம ஆளுங்க இந்தக் குளிர்ல வெறும் வயித்தோட போறாங்க. எனக்கு மட்டும் எப்படி இறங்கும்?"

எனக்குச் சாமி விஷயத்தில் அதிகப் பழக்கம் இல்லை. கான்வெண்டில் படித்தவளுக்கு ஆடி மாதக் கூழும் ஒன்று, ஈஸ்டர் ரொட்டியும் ஒன்று. ஆனால் ஒழுங்காக நடந்த ஒரு காரியம் நின்றுபோவது எனக்குப் பிடிக்காது. அன்று பிற்பகல் குடையைப் பிடித்துக்கொண்டு வேலியோரமாக நடந்தேன். உள்ளேயே ஒரு சுற்று முக்கால் மைல் வரும். மழைக்காலத்தில் மனம் கனத்தால் இப்படி நடப்பது நல்லது, இதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது சுற்றில் கேட்டில் நின்றேன்.

"கார்ப்பரல், இந்தக் கேட்டைத் தாண்டி எது போகக்கூடாது?"

"சாப்பாடு."

"எது உள்ளே வரலாம்?"

"ஆளுங்க வரலாம், கார்டு இருந்தா. ஏன் மக்சிக், யாரக் கூட்டியாறப் போறீங்க?"

"மாரியம்மனை."

அவர் சிரிக்கவில்லை, யோசித்தார். "கல்லையா தூக்கியாறப் போறீங்க?"

அது ஒரு கேள்விதான். பூசாரிக் கிழவரை வராந்தாவுக்கு அழைத்துச் சொன்னேன், கேட்டதுமே காதைப் பொத்திக்கொண்டார். பதிட்டை பண்ணின கல்லை நகர்த்தினால் ஊருக்கு ஆகாது, வேலி போட்டவன் போட்டுவிட்டுப் போவான், நாமல்லவா கிடந்து அனுபவிக்க வேண்டும் என்றார். அவரை மடக்கியவள் செல்லம். சத்தம் கேட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"திருநாளுக்கு ஓடைத் தண்ணியில கரகம் எடுத்து அவள அழைக்கிறோம்ல, பூசாரி? கரகத்துல வர்றவ கோயிலுக்கு மட்டுந்தான் வருவாளா, கூப்புட்ட எடத்துக்கு வரமாட்டாளா?"

"வருவா தாயி. ஆனா..."

"என்ன ஆனா? அவளும் நம்மள மாதிரி லயத்துக்குக் குடிவரட்டும். துரை நம்மள நகத்துனப்போ நாம வேணாம்னா சொன்னோம்?"

பூசாரி கரகக் குடத்தைத் தேடி எடுக்கப் போனார். அஞ்சலை என் காதருகே, "வந்துட்டாங்க பழைய அம்மா," என்றாள்.

தோட்டத்து மேனேஜர் துரையிடம் நானே பேசினேன். என் இங்கிலீஷ் அவருடையதைவிடத் தெளிவு, அவர் ஸ்காட்லாந்துக்காரர். காலை ஐந்து மணிக்கு வீட்டை விட்டு வெளியே வர அனுமதி உண்டு, கேட் ஆறு மணிக்குத் திறக்கும், நடுவில் உள்ள ஒருமணி நேரத்தில் வேலிக்குள்ளேயே பொங்கல் வைத்துக்கொள்கிறோம், பிரட்டு ஒரு நிமிஷம் பிந்தினாலும் மறுநாள் நிறுத்திவிடுங்கள் என்றேன். வயிறு நிறைந்தவர்கள் நன்றாக மரம் வெட்டுவார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அந்தக் கடைசி வாக்கியம்தான் அவருக்குப் பிடித்தது என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மழை விட்டிருந்தது. பெண்கள் பத்துப்பேர், தவில் ஒன்று, வெறும் செம்புக்குடம் ஒன்று, வேப்பிலை, பூ. கரகத்தின் மேல் வைக்க வேண்டிய தேங்காயைக் கேட்டிலேயே நிறுத்தினார்கள். அதுவும் சாப்பாட்டுச் சாமான்தான். அதனால் தேங்காய் வேலிக்குள்ளேயே சுப்பையாவின் கையில் காத்திருந்தது. நான் விதவை, கரகத்துக்குக் கிட்டப் போகவில்லை. அஞ்சலை கையைப் பிடித்து இழுத்தாள், வேண்டாம் என்றேன். எனக்கு வேறு வேலை இருந்தது. கார்ப்பரல் பக்கத்தில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

போகும்போது செல்லத்தை இரண்டுபேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். திரும்பிவரும்போது தவில் சத்தம் முதலில் கேட்டது, பிறகு வளைவில் வேப்பிலை தெரிந்தது. கரகம் அவள் தலைமேல். யாரும் அவளைப் பிடிக்கவில்லை. ஓடைத் தண்ணீர் நெற்றியில் வழிய, இரண்டு மாதம் கட்டிலில் கிடந்தவள் செம்மண் ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறிவந்தாள். சுப்பையா தேங்காயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேலிக்கு உள்ளே நின்றார்.

கார்ப்பரல் சோதிக்க வேண்டும், அது அவர் கடமை. ஆனால் தலையில் இருக்கும் கரகத்தை இறக்கக்கூடாது. எல்லாரும் நின்றுவிட்டார்கள். தவிலும் நின்றது.

"உள்ள என்னா இருக்கு?"

"தண்ணி," என்றேன் நான். "போகும்போது வெறும் குடத்தைக் கையை விட்டுப் பார்த்தீரே."

"அம்மனுக்கு ஐ.சி. இருக்கா, மக்சிக்?" கண்ணில் குறும்பு தெரிந்தது.

"உமக்கு ஐ.சி. எழுதுவதற்கு முன்னாலேயே இந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தவள் அவள்."

அவர் ஒரு பக்கக் கதவைத்தான் வழக்கமாகத் திறப்பார். அன்று இரண்டு கதவையும் திறந்தார். லாரிக்குத்தான் அப்படித் திறப்பது வழக்கம்.

மறுநாளிலிருந்து ஆபீஸ் பின்பக்கத் தகரக் கொட்டகையில், கரகத்துக்கு முன்னால் அடுப்பு எரிந்தது. அரிசி ரேஷன்தான், ஆளுக்கு ஒரு பிடி போட்டார்கள். ஐந்து மணிக்கு நான் போர்வையைச் சுற்றிக்கொண்டு போனபோது, பானை பொங்கி, புகை மழையோடு கலந்து, கொட்டகையே கதகதவென்று இருந்தது. செல்லம் கரண்டியோடு நின்று, "ஏய், வரிசையா வா, இது என்ன பசாரா?" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். மழை பெய்த காலைகளிலும் ஆண்கள் லயத்தில் முடங்காமல் அங்கே வந்து குந்தினார்கள். கூலி இல்லாத நாளுக்கு அது பரிகாரம் இல்லை. ஆனால் பத்துப்பேரோடு உட்கார்ந்து சூடாக ஒருவாய் தின்ற மனுஷன், வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் எரிந்துவிழுவது குறைவு. இது அஞ்சலை சொன்ன கணக்கு. முதல்நாள் அம்மனுக்குப் படைத்தபின் செல்லம் ஓர் இலையில் தனக்கும் போட்டுக்கொண்டாள். நான் வேறு பக்கம் பார்ப்பதுபோல் நின்று, அவள் கடைசிப் பருக்கை வரை வழிப்பதைப் பார்த்தேன்.

அங்கே பதினைந்து நாள் இருந்தேன். கிளம்பிய காலையில் செல்லம் எனக்கு ஒரு தூக்குவாளி நிறையப் பொங்கல் கட்டினாள். கேட்டில் கார்ப்பரல் தலையை ஆட்டினார். "தா போலே, மக்சிக். போகக்கூடாது."

"இவங்க கிழவி லா, பாவம்," என்றாள் அஞ்சலை. கிழவி என்றதை நான் மன்னிக்கவில்லை.

"கிழவியா இருந்தாலும் சட்டம் சட்டந்தான்." கார்ப்பரல் குரலைத் தாழ்த்தினார். "ஆனா வயித்துக்குள்ள போனத நான் சோதிக்கறதில்லே."

வாழைப்பழம் தின்ற சீன அம்மா நினைவுக்கு வந்தாள். மணல்மூட்டையின் மேல் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்து, இரண்டு துப்பாக்கிகளுக்கு நடுவில், வாளியில் பாதியைச் சாப்பிட்டேன். வாழ்நாளில் அவ்வளவு காலையில் அவ்வளவு சாப்பிட்டதில்லை. மீதியை அஞ்சலை வாங்கிக்கொண்டாள்.

ஆகவே, போக நினைக்கும் பெண்களுக்கு: மார்கழியில் தோட்டம் போகலாம், பயப்பட வேண்டாம். காலைப் பஸ்ஸில் போங்கள். மாலை ஆறுக்குள் கேட்டுக்குள் இருங்கள். சாப்பாட்டுச் சாமான் ஒன்றும் கொண்டுபோகாதீர்கள். கம்பளிச் சட்டை, நல்லெண்ணெய், உலர்ந்த துணி கொண்டுபோங்கள், எண்ணெயைக் கேட்டால் தலையைக் காட்டுங்கள். வழிக்கு வேண்டியதைக் கிளம்புமுன் வயிற்றில் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே யாராவது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், ஜன்னலைத் திறங்கள், கஷாயம் கொடுங்கள். பிறகு அவர்கள் வழக்கமாகச் செய்துவந்த எந்த வேலை நின்றுபோயிருக்கிறது என்று அடுத்த வீட்டில் கேளுங்கள்.

மாணிக்கம் லாரியைக் கிளப்பினான். செல்லம் கட்டை வரை வந்து பஸ் ஏற்றிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். நாற்பது வருஷத்தில் ஒருமுறையும் அதைத் தவறவிட்டதில்லை, பஸ் மறையும் வரை பேசிக்கொண்டே இருப்பாள். லாரி வளைவில் திரும்பும்போது ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தேன். அவள் கேட்டில் இல்லை. கொட்டகை வாசலில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இடுப்பில் கையூன்றி, ஈர விறகு கொண்டுவந்த எவனையோ திட்டிக்கொண்டிருந்தாள். என்னை வழியனுப்ப அவளுக்கு நேரமில்லை.